பாதியில நின்ன துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல கார்கில் பத்தி நாலு பத்தி எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி துப்பாக்கி ஜாம் ஆகறத பத்திதான் கேட்டிருக்காங்க. நான் காலாட்படையில இருந்தப்போ சில வருஷம் கோத்ல வேலை பாத்தவன். கோத்னா பட்டாலியனோட ஆயுதக் கிடங்கு, ராணுவத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அதனால இந்த வாரம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: ஏகே-47 சேத்துல புதைச்சு எடுத்தாலும் சுடும், எம்16 ஒரு குப்பை, வியட்நாம்ல அதை நம்பித்தான் அமெரிக்காக்காரன் செத்தான்னு வீடியோவுல சொல்றாங்களே, உண்மையா சார்?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

தம்பி, வியட்நாம்ல அது நடந்தது உண்மை. ஆனா துப்பாக்கி குப்பைன்னு சொல்லி முடிச்சுட்டா, யார் தப்பு பண்ணாங்களோ அவங்க தப்பிச்சுடுவாங்க, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

1962ல இதே துப்பாக்கி, அப்ப அதோட பேரு ஏஆர்-15, யூஜின் ஸ்டோனர்ங்கறவர் டிசைன் பண்ணது, சுமார் ஆயிரம் வியட்நாமுக்கு ட்ரையலுக்கு போச்சு. தென் வியட்நாம் வீரர்களும் கூட இருந்த அமெரிக்க ஆலோசகர்களும் அதே காட்டுல அதே மழையில யூஸ் பண்ணாங்க, வந்த ரிப்போர்ட் எல்லாம் நல்ல ரிப்போர்ட். வெயிட் கம்மி, தோட்டா சின்னது, அதனால ஒருத்தன் நிறைய ரவுண்டு தூக்கிட்டு போகலாம், அங்க இருந்த ஆளுங்களோட உடம்புவாகுக்கும் ஒத்துப்போச்சு. 1966, 67ல பாத்தா அதே துப்பாக்கியோட சண்டைக்கு போனவங்க ஊருக்கு கடிதம் எழுதறாங்க, "இது சுடமாட்டேங்குது"ன்னு. அந்த நாலஞ்சு வருஷத்துல என்ன நடந்துச்சுங்கறதுதான் கதையே.

முதல்ல துப்பாக்கிக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். ட்ரிகர அழுத்தினதும் தோட்டாவுக்குள்ள இருக்கற வெடிமருந்து எரியுது. அந்த அழுத்தத்துல பித்தளை உறை பலூன் மாதிரி உப்பி, தோட்டா உக்கார்ற அறையான சேம்பரோட சுவத்துல ஒட்டிக்கும், அது ஒட்டணும், ஒட்டலைன்னா நெருப்புப் புகை பின்பக்கமா நம்ம மூஞ்சிக்கு வரும். குண்டு குழலைத் தாண்டி வெளியே போனதும் அழுத்தம் இறங்கும், பித்தளை கொஞ்சம் சுருங்கி சுவத்தை விடும். அதுக்குள்ள குழல்ல இருக்கற ஒரு சின்ன ஓட்டை வழியா கொஞ்சம் புகை பின்னாடி வந்து போல்ட்டை, அதாவது சேம்பரைப் பின்பக்கம் மூடியிருக்கற இரும்புத் துண்டைத் தள்ளும், எக்ஸ்ட்ராக்டர்னு ஒரு சின்ன கொக்கி அந்த காலி உறையோட விளிம்பைப் புடிச்சு வெளியே இழுத்துப் போடும், ஸ்ப்ரிங் அடுத்த தோட்டாவை உள்ள தள்ளும். இவ்வளவும் கண்ணு சிமிட்டறதுக்குள்ள. காலி உறைய நாங்க எம்ப்டின்னு சொல்லுவோம், ஃபயரிங் முடிஞ்சா ரேஞ்சுல குனிஞ்சு ஒவ்வொரு எம்ப்டியா பொறுக்கி எண்ணிக் குடுக்கணும். அப்படி பொறுக்கறப்போ விளிம்புல கொக்கி போட்ட கீறல் தெரியும், அந்தக் கீறல் ஆழமா இருந்தா அந்தத் துப்பாக்கிய தனியா வைக்கச் சொல்லுவேன், எம்ப்டி கஷ்டப்பட்டு வெளியே வந்திருக்குன்னு அர்த்தம்.

இப்ப வியட்நாமுக்கு வாங்க. ஸ்டோனர் அந்தத் துப்பாக்கிய டிசைன் பண்ணது ட்யூபாண்ட் கம்பெனியோட ஒரு வெடிமருந்துக்கு. ராணுவம் குண்டுக்கு இவ்வளவு வேகம் வேணும், ஆனா அழுத்தம் இதுக்கு மேல போகக்கூடாதுன்னு கண்டிஷன் போட, அந்த மருந்தை மொத்தமா தயாரிக்கறப்போ அந்தக் கணக்குல நிக்கல. 1964ல வேற கம்பெனியோட பால் பவுடருக்கு, அதாவது உருண்டை உருண்டையா இருக்கற மருந்துக்கு ஓகே குடுத்துட்டாங்க. துப்பாக்கில ஒரு திருகைக்கூட மாத்தல, மருந்தை மட்டும் மாத்தினாங்க. புது மருந்து அந்த ஓட்டைகிட்ட வர்றப்போ அதிக அழுத்தத்தோட வந்துச்சு, போல்ட் முன்னைவிட வேகமா பின்னாடி போச்சு, நிமிஷத்துக்கு 750, 800 ரவுண்டு சுடவேண்டியது ஆயிரத்தைத் தொட்டுச்சு. வேகமா சுட்டா நல்லதுதானேன்னு தோணும், இல்ல தம்பி. பித்தளை சுருங்கறதுக்குள்ளயே கொக்கி இழுக்க ஆரம்பிச்சுடுது, சுவத்தோட இன்னும் ஒட்டிட்டு இருக்கற உறையோட விளிம்பை பிச்சுட்டு கொக்கி மட்டும் வருது, எம்ப்டி உள்ளயே நிக்குது. பின்னாடி அடுத்த தோட்டா வந்து அது முதுகுல முட்டுது. அதுக்கு மேல ட்ரிகர அழுத்தி பிரயோஜனமே இல்ல, முன்பக்கமா குழலுக்குள்ள ஒரு நீளக் கம்பிய விட்டு குத்தித்தான் அதை வெளியே தள்ளணும். எதிராளி சுட்டுட்டே இருக்கான், நீங்க கம்பி தேடிட்டு இருக்கீங்க.

அந்தக் கம்பியும் நிறைய பேர்கிட்ட இல்ல! இந்தத் துப்பாக்கிக்கு சுத்தம் பண்ற வேலையே ரொம்ப கம்மின்னு ஒரு பேச்சு பரவி இருந்துச்சு, க்ளீனிங் கிட் போதுமான அளவு அனுப்பல, ட்ரெய்னிங்கும் இல்ல. புது மருந்துல இருந்த சுண்ணாம்புச் சத்து வேற எரிஞ்சு, புகை பின்னாடி வர்ற மெல்லிசு குழாய்ல படிஞ்சுட்டே வந்துச்சு. போதாததுக்கு சேம்பருக்குள்ள குரோம் பூச்சு இல்ல. அதுக்கு முன்னாடி இருந்த எம்14க்கு குரோம் இருந்துச்சு, ஏகேவுக்கும் உண்டு, எம்16க்கு மட்டும் விட்டுட்டாங்க. வியட்நாம் மழையில, ஈரத்துல சேம்பர் உள்ள கண்ணுக்குத் தெரியாத குழிகளா துரு அரிச்சு, உப்பின பித்தளை அந்தக் குழிக்குள்ள போய் கவ்விக்கிட்டுச்சு.

1967 ஏப்ரல் கடைசில வியட்நாம்ல கே சான் பக்கத்துல குன்று 861, குன்று 881ன்னு சொல்ற இடங்கள்ல சண்டை. அங்க சண்டை போட்ட அமெரிக்க மரீன் படைக்காரங்களுக்கு அப்பதான் எம்14ஐ வாங்கிட்டு எம்16ஐக் குடுத்திருந்தாங்க. ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல நடந்த சண்டையில 150க்கு மேல மரீன்கள் செத்தாங்க. அங்க இருந்த ஒருத்தர் வீட்டுக்கு எழுதின கடிதம் பேப்பர்ல வந்துச்சு, செத்துக் கிடந்த நம்ம ஆளுங்க கிட்டத்தட்ட எல்லார் பக்கத்துலயும் அவங்க துப்பாக்கி பிரிச்ச நிலையில கிடந்துச்சு, சரி பண்ணப் பாத்துட்டே செத்திருக்காங்கன்னு அதுல எழுதியிருந்தார். நான் அதைப் படிச்சு பல வருஷம் ஆச்சு, இன்னைக்கும் அந்த வரி நினைவுக்கு வந்தா நெஞ்சு கனக்குது.

ஏகே விஷயம். அதோட போல்ட்டைத் தாங்கிட்டு நகர்ற போல்ட் கேரியர் கனமானது, உள்ள பாகங்களுக்கு நடுவுல இடைவெளி தாராளமா இருக்கும், தோட்டாவும் முன்னாடி குறுகி பின்னாடி அகலமா இருக்கறதால கொஞ்சம் பின்னாடி நகர்ந்தாலே சுவத்தை விட்டு வந்துடும். நல்ல டிசைன், சந்தேகமே இல்ல. ஆனா பக்கத்துல இருக்கற அந்த நீள பிளவு வழியா சேறு உள்ள போனா ஏகேவும் நிக்கும். ஜாம் ஆகாத துப்பாக்கின்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது.

கேள்வி: மருந்தை மாத்தினவங்களுக்கு தண்டனை கிடைச்சுதா?
– வாசகர், சென்னை-42

முதல் பதிலா மேலிடத்துல இருந்து வந்தது என்ன தெரியுங்களா, பசங்க துப்பாக்கிய துடைக்கல, அவங்க தப்புன்னு. துடைக்க கம்பி அனுப்பாதவங்க சொன்ன பதில் இது.

கடிதங்கள் குவிய, 1967ல அமெரிக்க நாடாளுமன்றத்துல ரிச்சர்ட் ஐகார்டுங்கற எம்.பி. தலைமையில ஒரு துணைக்குழு போட்டாங்க, அவங்க வியட்நாமுக்கே போய் வீரர்கள்கிட்ட பேசினாங்க. அப்ப வெளிவந்த ஒரு விஷயத்தை நான் எத்தனை தடவை யோசிச்சாலும் ஆறல. புது மருந்துல சுட்டா துப்பாக்கி வேகக் கணக்குல ஃபெயில் ஆகுதுன்னு ஃபேக்டரிக்கே தெரிஞ்சு போச்சு, அதனால ஃபேக்டரி டெஸ்ட்டுக்கு பழைய மருந்து தோட்டாவை யூஸ் பண்ணிக்க ராணுவம் பர்மிஷன் குடுத்திருக்கு. டெஸ்ட்ல ஒரு தோட்டா, சண்டையில வேற தோட்டா. தெரிஞ்சே அனுப்பியிருக்காங்க.

அந்த வருஷம் அக்டோபர்ல வந்த ரிப்போர்ட், தோட்டாவோட குறைய சரிபண்ண அதிகாரம் இருந்தும் பண்ணாம விட்டது கிட்டத்தட்ட கிரிமினல் அலட்சியம்னு எழுதுச்சு. குழுவுக்கு எழுதத்தான் அதிகாரம், தண்டனை குடுக்க அதிகாரம் இல்ல. ஆனா ரிப்பேர் நடந்துச்சு. சேம்பருக்கு குரோம் வந்துச்சு, போல்ட் பின்னாடி வர்றப்போ தாங்கற பஃபரை கனமாக்கி போல்ட்டோட வேகத்தைக் குறைச்சாங்க, மருந்துல சுண்ணாம்பைக் குறைச்சாங்க, க்ளீனிங் கிட்டும் போச்சு. வில் ஐஸ்னர்னு பெரிய காமிக்ஸ் ஆர்ட்டிஸ்ட், அவரை வச்சு துப்பாக்கிய எப்படி பராமரிக்கணும்னு படக்கதை மாதிரியே ஒரு கையேடு போட்டு எல்லார் கைலயும் குடுத்தாங்க. அதுக்கப்புறம் அதே எம்16 பல வருஷம் ஓடுச்சு, இன்னைக்கு இருக்கற எம்4 அதோட வாரிசுதான். திருப்பூர் தம்பி, குப்பையா இருந்தா இது நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க.

கேள்வி: இங்க ஒரு மியூசியத்துல ராஸ் ரைஃபிள்னு ஒண்ணைப் பாத்தோம். கனடா சொந்தமா செஞ்சு பிறகு தூக்கிப் போட்டதாமே, ஏன் அண்ணா?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

தங்கச்சி, நல்ல கேள்வி, வியட்நாமுக்கு 50 வருஷம் முன்னாடி நடந்த அதே கதை இது. சர் சார்லஸ் ராஸ் டிசைன் பண்ணது, கியூபெக் நகரத்துல செஞ்சாங்க. குறி பாத்து அடிக்க அருமையான துப்பாக்கி, போட்டியில எல்லாம் ஜெயிச்சுது. போல்ட்டை நேரா இழுத்து நேரா தள்ளினா போதும், திருப்பவே வேண்டாம். ஆனா திருப்பறப்போ கிடைக்கற அந்த நெம்புகோல் பலம் இதுல இல்ல, எம்ப்டி ஒட்டிக்கிட்டா வெறும் கை பலத்துலதான் இழுக்கணும். சேம்பர் ரொம்ப இறுக்கம், பிரிட்டன்ல செஞ்ச தோட்டா அளவுல கொஞ்சம் முன்னப்பின்ன இருந்துச்சு.

1915 ஏப்ரல், பெல்ஜியத்துல ஈப்பர் பக்கத்துல ஜெர்மன்காரன் குளோரின் புகைய விட்ட சண்டை. அந்தப் புகையில, சேத்துல, கனடா பசங்க பூட்ஸ் காலால போல்ட்டை உதைச்சுத் திறந்திருக்காங்க. உயிர் தப்பின 5,000 பேர்ல 1,452 பேர் ராஸைத் தூக்கிப் போட்டுட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களோட லீ-என்ஃபீல்டை எடுத்துட்டு வந்தாங்கன்னு கணக்கே இருக்கு. இதைவிட ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் வேணுமா? ஆனா ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் ராஸுக்கு கடைசி வரைக்கும் வக்காலத்து வாங்கினார், தேசப் பெருமை அவருக்கு. 1916ல ஒருவழியா எல்லாரையும் லீ-என்ஃபீல்டுக்கு மாத்தினாங்க. ஸ்னைப்பர்கள் மட்டும் ராஸை விடல, ஏன்னா அவங்க அவசரமில்லாம ஒவ்வொரு குண்டா சுடறவங்க, சுத்தமா வச்சுக்க நேரமும் இருக்கும்.

கேள்வி: எங்க ஊரு துப்பாக்கித் தொழிற்சாலையில இன்சாஸ் செஞ்சாங்க. அதை மோசம்னு டிவியில பேசறப்போ கஷ்டமா இருக்கு. உங்க கருத்து?
– வாசகர், திருவெறும்பூர், திருச்சி

புரியுதுங்க. முதல்லயே சொல்லிடறேன், லேத்ல நின்னு வேலை செஞ்சவங்கள நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

நான் எஸ்எல்ஆர் காலத்து ஆளு. அதுல குழலுக்கு மேல காஸ் ரெகுலேட்டர்னு ஒரு வளையம் இருக்கும், அழுக்கு ஏறி மந்தமானா அதை ரெண்டு கிளிக் திருப்பி புகைய கூட்டிக்கலாம், துப்பாக்கியே நம்மகிட்ட பேசற மாதிரி இருக்கும். அதுக்கு பதிலா 90கள் கடைசியில இன்சாஸ் வந்துச்சு, புனேல டிசைன், இஷாப்பூர், கான்பூர், திருச்சின்னு தயாரிப்பு. வந்த சூட்டோட 1999ல கார்கில். அந்தக் குளிர்ல பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதும், ஜாம் ஆனதும், மூணு குண்டு மட்டும் வரவேண்டிய இடத்துல சரசரன்னு நிக்காம சுட்டதும் பெரிய புகாராச்சு. 2005ல நேபாளத்துல காலிகோட்ல மாவோயிஸ்ட் தாக்குதல்ல 40 வீரர்களுக்கு மேல செத்தப்போ, இன்சாஸ் வேலை செய்யலன்னு நேபாள ராணுவம் சொல்லுச்சு, நம்ம பக்கத்துல இருந்து சரியா யூஸ் பண்ணலன்னு பதில் போச்சு. வியட்நாம்ல வந்த அதே பதில் பாருங்க.

மேகசினை மாத்தினாங்க, பல இடத்துல திருத்தினாங்க, பின்னாடி வந்தது நல்லாவே இருந்துச்சுன்னு என்கூட இருந்த பசங்களே சொன்னாங்க. ஆனா ஒரு தடவை நம்பிக்கை போச்சுன்னா திரும்ப வராதுங்க, காட்டுல, மலையில நடக்கற ஆபரேஷனுக்கு போறவன் ஏகேவைத்தான் கேட்பான். 2019ல அமெரிக்காவுல இருந்து சிக்716 ரைஃபிள் முதல் ஆர்டர்லயே 72,400 வாங்கினாங்க, இப்ப உத்தரப்பிரதேசம் அமேதி பக்கம் கோர்வாவுல ஏகே-203 தயாராகுது. என் கருத்து, பனியில, பாலைவனத்துல, மழைக்காட்டுல இன்சாஸை ரெண்டு வருஷம் ஒரு பட்டாலியன் கையில குடுத்து அடிச்சு உடைச்சுப் பாத்துட்டு அப்புறம் மொத்தமா செஞ்சிருக்கணும். அந்தக் குறை திருச்சியோட குறை இல்ல.

கேள்வி: வெளிநாட்டுல எல்லாம் முதல் நாளே சரியா வந்துடுதா?
– வாசகர், கோவை

எங்க வருது! பிரிட்டன் 1985ல எஸ்ஏ80ன்னு ஒரு துப்பாக்கிய கொண்டு வந்துச்சு. பையன் ஓடறப்போ நெஞ்சுல இடிச்சு மேகசின் கழண்டு விழுது, கொசு மருந்து தடவின கையால புடிச்சா பிளாஸ்டிக் இளகுது, 1991 வளைகுடா போர் மணல்ல நின்னு நின்னு போச்சு. கடைசில 2000த்துக்கு மேல ஜெர்மன் கம்பெனிகிட்ட குடுத்து சுமார் ரெண்டு லட்சம் துப்பாக்கிய பிரிச்சு மேஞ்சு சரி பண்ணாங்க. அதுக்கப்புறம் ஆப்கானிஸ்தான்ல நல்லாவே வேலை செஞ்சுது.

கேள்வி: எம்4 தூசி டெஸ்ட்ல 882 தடவை ஜாம்னு படிச்சேன், இவ்வளவா?
– வாசகர், மதுரை

2007 கடைசில அமெரிக்க ராணுவம் நடத்தின டெஸ்ட் அது. நாலு மாடல், மாடலுக்கு 10 துப்பாக்கி, ஒவ்வொண்ணுலயும் 6,000 ரவுண்டு, மாடலுக்கு மொத்தம் 60,000, மாவு மாதிரி தூசியில போட்டுப் போட்டு சுட்டாங்க. எம்4 882 தடவை நின்னுச்சு, எச்கே416 233, ஸ்கார் 226, எக்ஸ்எம்8 127. அதாவது எம்4 சராசரியா 68 ரவுண்டுக்கு ஒரு தடவை. ரெண்டே கால் மேகசினுக்கு ஒரு தடவைன்னு நினைச்சுப் பாருங்க. ஆனா அதே வருஷம் கோடைல நடந்த டெஸ்ட்ல இதே எம்4 சுமார் 300 தடவைதான் நின்னுருக்கு. அதனால ஒரே ஒரு டெஸ்ட்டை வச்சு தீர்ப்பு எழுதாதீங்க, தூசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எந்த லாட்ல வந்த துப்பாக்கி, எல்லாமே கணக்குதான்.

கேள்வி: என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். சுடாத நாளிலும் தினமும் துப்பாக்கியைத் துடைக்கிறேன் என்கிறான். சுடாமலேயே எதற்கு?
– ஒரு தாய், வேலூர் மாவட்டம்

அம்மா, வணக்கம். சுடலைன்னாலும் காத்து இருக்கு, வேர்வை இருக்கு, ராத்திரி பனி இருக்கு. இரும்பு தூங்காதும்மா, அது பாட்டுக்கு துரு புடிச்சுட்டே இருக்கும். 2003ல ஈராக்ல நசிரியாங்கற ஊர்ல ஒரு அமெரிக்க மெயின்டனன்ஸ் கம்பெனி வழி தவறிப் போய் மாட்டுச்சு, நிறைய பேரோட துப்பாக்கி அந்த நேரத்துல வேலை செய்யல. நாள் கணக்கா பாலைவனத்துல வண்டி ஓட்டிட்டு வந்தவங்க, தூசி உள்ள போய் அடைச்சிருக்கு, தினமும் பிரிச்சு துடைக்கல.

எங்க காலத்துல எப்படிப் பண்ணுவோம்னு சொல்றேன். புல் த்ரூன்னு ஒரு கயிறு, ஒரு முனையில பித்தளை எடை, இன்னொரு முனையில வளையம். வளையத்துல சிந்தி, அதாவது கிழிச்ச ஃபிளானல் துணி மாட்டுவோம். எடைய சேம்பர் பக்கமா உள்ள விட்டா குழல் வழியா கீழ வந்து விழும், அதைப் புடிச்சு ஒரே இழுப்பா இழுக்கணும், நடுவுல நிறுத்தக்கூடாது, நிறுத்தினா அழுக்கு அங்கயே தங்கிடும். முதல் சிந்தி கருப்பா வரும், ரெண்டாவது சாம்பல் கலர், நாலாவது அஞ்சாவதுல வெள்ளையா வந்தா சரி. அப்புறம் எண்ணெய் சிந்தி ஒண்ணு. குளிர் மலையில போஸ்டிங்னா எண்ணெய் கம்மி, இல்லன்னா கெட்டியாகி போல்ட்டையே புடிச்சுக்கும். ராஜஸ்தான் பக்கம்னா அதுவும் கம்மிதான், எண்ணெய் இருந்தா மணல் வந்து ஒட்டிக்கும். சுடப் போறதுக்கு முன்னாடி காஞ்ச சிந்தியால குழலையும் சேம்பரையும் துடைச்சே ஆகணும்.

உங்க பையன் தானாவே சொல்றான்னா அவனுக்கு நல்ல உஸ்தாத், அதாவது பயிற்சி குடுக்கறவர் கிடைச்சிருக்கார்மா, தைரியமா இருங்க. எங்க போஸ்டிங்னு நீங்க எழுதல, எழுதவும் வேண்டாம். அடுத்த லீவுக்கு வர்றப்போ வீட்ல இருக்கற பழைய பனியன் துணி, மெத்துன்னு நூல் பிரியாம இருக்கறதா பாத்து கிழிச்சுக் குடுத்து விடுங்க. யூனிட்ல சிந்தி குடுப்பாங்க, ஆனா எவ்வளவு குடுத்தாலும் பத்தாது.